பக்ஃபாஸ்ட் மடத்துக் கோயில், டெவன், இங்கிலாந்து: திருப்பணி நிறைவு அறிக்கை, 1939

அன்புள்ள சகோதரர்களே, கொடை தந்து தாங்கிய நல்லவர்களே,

1907 ஜனவரியில் தொடங்கிய வேலை 1938 டிசம்பரில் முடிந்துவிட்டது. கோபுரத்தின் கடைசிக் கல் 1937 ஜூலையிலேயே ஏறிவிட்டது. அப்புறம் மிச்சம் இருந்தது கல் இடுக்குகளுக்குச் சாந்து பூசுவதுதான். அதற்கே ஏறக்குறைய ஒன்றரை வருஷம் பிடித்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பழைய கதை கொஞ்சம். 1018-ல் ஏற்பட்ட மடம் இது; 1147-ல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையிடம் வந்தது. 1539-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்டது. பின்னாளில் ஒருவர் இடிபாடுகளை அகற்றி மாளிகை கட்டிக்கொண்டார். 1882 அக்டோபரில், பிரான்சை விட்டு விரட்டப்பட்ட நம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்டைன்) சபைத் துறவிகள் ஆறு பேர் வந்து இறங்கியது அந்த மாளிகையில்தான்.

கோயிலை எங்கே கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. காய்கறித் தோட்டத்தைக் கொத்தும்போது பழைய அஸ்திவாரம் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. தொடர்ந்து தோண்டினால், சிஸ்டர்சியன் மடத்தின் வரைபடமே தரைக்கடியில் கிடந்தது. கட்டடக் கலைஞர் ஃபிரெடெரிக் வால்டர்ஸ் அதன்மேலேயே, 12-ஆம் நூற்றாண்டுப் பாணியில் கோயிலை வகுத்தார்.

1906 ஆகஸ்டில் சிரியோ கப்பல் ஸ்பெயின் கரையோரம் மூழ்கியதில் மடாதிபதி போனிஃபாஸ் நாட்டரை இழந்தோம். அதே கப்பலில் சென்று உயிர் பிழைத்த அன்ஸ்கர் வோனியர்தான் அடுத்த மடாதிபதி. பொறுப்பேற்றதும் கோயில் வேலையைத் தொடங்கிவிட்டார். ஆள்? கல்வேலை அனுபவம் சகோதரர் பீட்டர் ஒருவருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் அவரிடம் கற்றுக்கொண்டார்கள். எந்தச் சமயத்திலும் ஆறு பேருக்கு மேல் வேலையில் இருந்ததில்லை. பெரும்பாலும் நான்கு பேர். 1914-18 உலகப்போரின்போது நம்மில் ஜெர்மானியர் இருந்தது சிக்கலாயிற்று. மடத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவைத்தார்கள். வெளியே போக முடியாதவர்களுக்குக் கோயில் கட்டுவதைவிட வேறென்ன வேலை!

சாரம் என்பது மரக்கம்பங்களைக் கயிற்றால் பிணைத்ததுதான். கல் ஏறியது கப்பியில், கைபலத்தில். ஒருவர் 50 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தார். 1931-ல் மூன்று பேர் கல் தூக்கும் ஏற்றத்திலிருந்து விழுந்தார்கள். பெரிய காயம் இல்லை. இறைவனின் காவல் என்றுதான் எழுதியிருந்தோம். பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்பதையும் சேர்க்க வேண்டும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். சரி, சேர்த்துவிட்டோம்.

கல் சுமக்கத் தெம்பில்லாமல் தேனீக் கூடுகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவன் ஒருவனையும் சொல்ல வேண்டும். 1916 வாக்கில் நோய் வந்து நம் 46 கூட்டங்களில் 30 அழிந்தன. எஞ்சியவற்றை வைத்து அந்தச் சிறுவன், இன்றைய சகோதரர் ஆதாம், நோய் தாங்கும் புது இனத்தையே வளர்த்துக்கொண்டிருக்கிறார். திருப்பணிக்கு அவர் ஒரு நஷ்டம் என்று அன்று நினைத்தோம்.

1932 ஆகஸ்ட் 25 அன்று கர்தினால் போர்ன் கோயிலை நேர்ந்தளித்தபோது கோபுரம் முடிந்திருக்கவில்லை. இப்போது அது 158 அடி உயரத்தில் நிற்கிறது.

மடாதிபதி வோனியர் வேலை முடிந்ததைப் பார்த்துவிட்டு, அதே டிசம்பரில், 26-ஆம் தேதி காலமானார். இந்த அறிக்கையின் கீழே முதல் கையெழுத்து அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறோம்.

திருப்பணிக் குழுவினர்