என் வீட்டுக்காரரைத் திருப்பித் தந்தவர்களுக்கு

யாங்கோன் உறவுகளுக்கும், சென்னையில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கும் வணக்கம்.

ஹெபடைடிஸ் பி உள்ளே இருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் கிடந்து, என் வீட்டுக்காரரின் ஈரல் சுருங்கிவிட்டது. வயிற்றில் கோத்த நீரை எடுத்தால் பத்து நாளில் மறுபடி நிரம்பிவிடும். ஒரு ராத்திரி என்னைப் பார்த்தே “நீ யாரு?” என்றார். மாற்று ஈரல்தான் வழி என்றார்கள். “என்னுடையதைக் கொடுக்கிறேன் அண்ணி” என்றார் கொழுந்தனார்.

அண்ணன் தம்பி என்று நிரூபிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நம் வீடுகளில்தான் தெரியுமே, வீட்டில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் ஒரு பெயர். அண்ணனுக்குத் தமிழ்ப் பெயர், தம்பிக்குப் பர்மியப் பெயர், அப்பா பெயர் இரண்டு கார்டிலும் இரண்டு விதம். இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, எங்களைப் போல் பர்மாவிலிருந்து வந்த வெளிநாட்டவர் என்றால் தூதரகச் சான்றோடு, இதற்கென்று இருக்கும் குழுவின் அனுமதியும் வேண்டும். குடும்பப் பட்டியலையும் பழைய பள்ளிச் சான்றிதழ்களையும் தேடி எடுத்த கோயில் பெரியவருக்கும், அத்தனையையும் இரவெல்லாம் மொழிபெயர்த்த அக்காவுக்கும் கைகூப்பி நன்றி.

அப்புறம் டாக்டர். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கொழுந்தனாரின் வலது பக்க ஈரலை எடுப்பார்கள். நோயாளியின் எடையில் 0.8 சதவீதமாவது அது இருக்க வேண்டும். சுருங்கிய ஈரலைச் சுற்றி ரத்தக்குழாய்கள் வீங்கி நிற்பதால், அதைப் பிரித்தெடுப்பதுதான் ரத்தம் போகும் கட்டம். பின்னால் ஓடும் பெரிய சிரையை வெட்டாமல், பழைய ஈரலை மட்டும் அதிலிருந்து உரித்தெடுத்துப் புதியதை அதன் மேல் தைப்பார்களாம். “பிள்ளையை உப்புமூட்டை தூக்குகிற மாதிரி அம்மா” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரை, தமனி, பித்தக்குழாய். தமனி மெல்லிசு, லென்ஸ் வைத்துத்தான் தைக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் புது ஈரலே போய்விடும். அதனால்தான் ஐசியுவில் நாள்தோறும் டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டார்கள். அந்த ‘உஷ், உஷ்’ சத்தம் வரும்வரை என் கையை விடாத நர்ஸ் பெண்ணே, நீ நன்றாயிருக்க வேண்டும்.

வியாசர்பாடியில் எங்களுக்கு இடம் கொடுத்த குடும்பம், பர்மாவிலிருந்து அந்தக் காலத்தில் திரும்பியவர்கள். வாடகை என்று வாயெடுத்தபோதெல்லாம் தட்டில் மோகிங்காவை, அதான் மீன்குழம்பு ஊற்றிய நம்ம பர்மா நூடுல்ஸை, வைத்து என் வாயை அடைத்தார்கள்.

இப்போது இருவரும் நலம். கொழுந்தனாரின் ஈரல் வளர்ந்திருப்பதை ஸ்கேனில் காட்டினார்கள். இவர் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், சரி, அது எங்களுக்குப் பெரிதில்லை.

கடைசியாக, என் ஓர்ப்படிக்கு. தங்கச்சி, எல்லாரும் உன் புருஷனைத்தான் கொண்டாடினார்கள். அவரை அனுப்பச் சம்மதம் என்று நீயும் கையெழுத்துப் போட்டாய், மடியில் கைக்குழந்தையோடு. எனக்கு வேறு வழியில்லை. நீ மாட்டேன் என்றிருந்தால் யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. பேனாவை வாங்கிக்கொண்டு, “எங்கே அக்கா போடணும்?” என்று மட்டும்தான் கேட்டாய்.