டி.என். 74, டி.என். 75 வண்டிக்காரத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே,

நம்ம குமரி மாவட்டத்தில் ஸ்விஃப்டையும் போலோவையும் ஆசை ஆசையாகத் தயார் செய்து, ராத்திரி ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு பக்கம் போய் வேகம் பார்க்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீல் அலைன்மென்ட் பார்ப்பது என் தொழில். உங்களில் பலருடைய வண்டி என் கைக்கு வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது), பெரிய எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் என்று ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தான். "அண்ணே, வளைவுல வண்டி திரும்பவே மாட்டேங்குது" என்றான். முன் டயரைக் கழற்றி அவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். உள்பக்கம் பட்டன் புதுசு போல இருந்தது. வெளி ஓரம் சொரசொரவென்று உருண்டு, ரப்பர் துணுக்கு துணுக்காகக் கையோடு வந்தது. வண்டிக்கு என்ன குறை என்று அந்த டயரே சொல்லிவிட்டது.

முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால்தான் இருக்கின்றன. ஓட்டுபவர் மட்டும் இருக்கும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன் டயர்களின் மேல். இழுப்பதும் திருப்புவதும் அவைதான், பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவதும் அவைதான். ஏற்கெனவே திணறுகிற டயருக்கு இன்னும் 20 குதிரைத்திறன் கொடுத்தால், வளைவில் வண்டி நேராகத்தான் போகும். முன் டயருக்கு முதலில் உதவி செய்யுங்கள். எஞ்சினைக் கடைசியில் தொடலாம்.

அந்தத் தம்பியின் காசு என் கையில் இருந்திருந்தால், நல்ல பிடிப்புள்ள டயருக்கே முதலில் போயிருக்கும். அடுத்தது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. வளைவில் வண்டி சாயும்போது டயரின் வெளி ஓரம் மட்டும் தரையை அரைக்கிறது. முன் சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து வைத்தால், சாய்ந்த வண்டியிலும் டயர் முழு அகலத்துக்குத் தரையைப் பிடிக்கும். பந்தய டிராக்குக்கு மைனஸ் 3 டிகிரியில் (மைனஸ் என்றால் உள்சாய்வு) தொடங்கலாம். தினமும் தக்கலை வரை ஓட்டுகிற வண்டியென்றால் 2 போதும், இல்லாவிட்டால் உள் ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் நோக்கும் திசையை, ஒரு துளி வெளியே வைத்தால் வண்டி வளைவுக்குள் சட்டென்று தலையைக் கொடுக்கும்.

அப்புறம் பின்பக்கம். பலரும் முன் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்குகிறீர்கள். அதில் முன்பக்கம் இன்னும் வழுக்கும். பின்பக்கத்தைத்தான் இறுக்க வேண்டும். இறுக்கினால் வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். பயப்பட வேண்டாம், இந்த வகை வண்டிகளுக்கு அது இயல்பு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பின் டயர் மெதுவாகத்தான் சூடாகும். டிராக்கில் முதல் சுற்றில், பாதி வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்ட நொடியில் என் வண்டி வால் சுற்றி எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. அங்கே விரிந்த மண்தரை இருந்ததால் தப்பித்தேன்.

வளைவை விட்டு வெளியே வரும்போது உள் சக்கரம் சுற்றிப் புகை விடுகிறதா? எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் அது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் விலை அதிகம்தான். ஆனாலும் இந்த வண்டிக்கு நேரத்தைக் குறைத்துத் தருவதில் ரீமேப்பை விட அதையே நம்புவேன்.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மூன்றாவது சுற்றில் ஆயில் கொதித்து என் பிரேக் பெடல் தரை வரை போனது. ஆயில் மாற்றச் சொல்லி அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்திருந்தேன். காலிப்பரைத் திறந்தால் காப்பிக் கலரில் பழைய ஆயில். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அதுவே 155 வரை இறங்கிவிடலாம். இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள நம்ம ஊரில் ஈரம் ஏறாமல் இருக்குமா? டிராக்குக்குப் போகும் முன் மூடி பிரிக்காத போத்தலைக் கண்முன்னே திறந்து ஊற்றச் சொல்லுங்கள்.

டிராக்கில் கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடும் டைம் அட்டாக்கில் பக்கத்து வண்டியை முந்த வேண்டியதே இல்லை. டயரைச் சூடாக்க ஒரு சுற்று, முழு மூச்சோடு ஒரு சுற்று, ஆற வைக்க ஒரு சுற்று. ஜப்பானில் சுகுபா டிராக்கின் 2 கி.மீ. சொச்சத்தை ஒரு நிமிடத்துக்குள் முடிப்பதையே பெரும் சாதனையாகக் கொண்டாடினார்கள். ஒரே வளைவை அதே வேகத்தில் திரும்பத் திரும்ப எடுத்து, டயர் காத்தில் 2 பி.எஸ்.ஐ. குறைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் செட்டப் பிடிபடும். நான்குவழிச் சாலையில் அதை எப்படிப் பார்ப்பீர்கள்? முப்பந்தலில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். எதிர்த்திசையில் லைட் இல்லாமல் டூவீலர் வரும். அந்த டூவீலரில் வருவது நம்ம வீட்டு ஆள்தான். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கரி டிராக்கின் நீளம் 2 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும், நமக்கு ஒரு ராத்திரிப் பயணம். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கி.மீ., இன்னும் தூரம். டிராக் திறந்துவிடும் நாளைக் கேட்டு, நாலைந்து பேர் சேர்ந்து போனால் செலவு தாங்கும். ஹெல்மெட், டயர் கேஜ், ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முந்தின நாள் வண்டியைக் கொண்டு வாருங்கள், கேம்பரும் டோவும் நான் வைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். திரும்பி வந்ததும் முன் டயரைக் கழுவாமல் அப்படியே காட்டுங்கள்.

அன்புடன்,
அலைன்மென்ட் அண்ணன்