ஓட்டைக் காசு

நாரிச், இங்கிலாந்து

அம்மாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்துச்சு. நீ சொல்லச் சொல்ல அக்கா எழுதினதுன்னு கையெழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது. நான் நல்லாத்தான் இருக்கேன். குளிர் பழகிடுச்சு. வீட்டுக்குள்ளயும் ஸ்வெட்டர் போட்டுக்கறதால ஹீட்டர் தேவைப்படல. ஒரு வேளை சமைச்சா மூணு வேளைக்கு ஆகுது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவக் கேட்டிருந்தே. இன்னும் அந்த மெட்டல் டிடெக்டரோடதான் அலையறார். லீவு நாள்ல என்னையும் கூட்டிட்டுப் போறார். காட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு, பீட் கிழங்கு பிடுங்கின காட்டுல போன மாசம் தேடினோம். கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு செப்புக்காசு கிடைச்சுது, பச்சை பூத்துப்போய். நடுவுல இல்லாம ஓரமா ஒரு ஓட்டை.

மண்ணுல கிடைக்கற பழைய பொருள்களப் பதியற அதிகாரிகிட்டக் கொண்டுபோனோம். எடை, அகலம், ரெண்டு பக்கமும் போட்டோ, கிடைச்ச இடம் எல்லாம் எழுதிக்கிட்டுக் காசத் திருப்பிக் கொடுத்தாங்க. 1997லேருந்து இப்படிப் பதியறாங்களாம். ரோம ராஜா கான்ஸ்டன்டைன் காலத்தது, 330க்கும் 335க்கும் நடுவுல அடிச்சது. ஒரு பக்கம் ராஜா முகம், மறுபக்கம் கொடிகளுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வீரர்கள். 410 வாக்கில ரோம ஆட்சி இங்க முடிஞ்சுது. பின்னால வந்த சாக்சன் ஜனங்க பழைய காசுகளக் குத்திக் கழுத்துல போட்டுக்கிட்டாங்க. பொம்பளைங்க, குழந்தைங்க சமாதிகள்ல கிடைச்சிருக்கு. இதக் குத்தினது யாருன்னு சொல்ல முடியாதாம்.

ஓட்டை வீரர்கள் தலைக்கு மேல இருக்கும்மா. தொங்கவிட்டா வீரர்கள் நேரா நிக்கறாங்க, பின்னால ராஜா தலைகீழ். யாரோ ஒரு தாய், பிள்ளைக்கு ரெண்டு ஆள் காவல் இருக்கட்டும்னு கட்டிவிட்டிருப்பான்னுதான் எனக்குத் தோணுது.

அந்தக் காலத்து ரோமக் காசு நம்ம கரூர் அமராவதியிலயும் கிடைக்கும்னேன், தாத்தா நம்பல. அப்புச்சி மணல் சலிச்சுப் பொறுக்கினதச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆறு, படித்துறை, துணி அலசிட்டு நீ கூப்பிடற குரல், எல்லாம் வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லம்மா.

அப்புச்சி டப்பாவப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடாதே.

பாப்பா காதுகுத்துக்கு டிக்கெட் சரியா அமையல. ராசுவ மடியில உக்கார வெச்சுக்கச் சொல்லு, ஆனா தோடு என் சீராத்தான் இருக்கணும். அரைப் பவுன்ல செய்ய ஆசாரிகிட்டச் சொல்லிடு, தைக்குள்ள பணம் வந்துரும். இந்த மாசச் சீட்ட மட்டும் அப்பாவக் கட்டச் சொல்லு, சேத்து அனுப்பறேன். சித்தப்பா சொல்றார்னு போர் மோட்டாரப் புதுசா வாங்கிடாதீங்க, முதல்ல காயில் கட்டிப் பாருங்க.

செந்தில்