செயலாளரின் ஆண்டறிக்கை: கதைப்பாடல்களோடு போன வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வட இங்கிலாந்தின் நியூகாஸிலுக்கு வந்து இருபது வருடமாகிறது, இந்தப் பக்கத்துப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் குறைப்பட்டுக்கொண்டார். அதனால்தான் நம் வாசகர் வட்டம் இந்த வருடம் பிரிட்டனின் பழைய கதைப்பாடல்களை எடுத்துக்கொண்டது. பாட்டு எங்கே பிறந்தது, அதில் வரும் கதை நடந்ததுதானா என்று பார்ப்பதாக ஏற்பாடு. பத்துக் கூட்டங்கள் நடந்தன. ஜனவரிக் கூட்டம் பனியால் நின்றுபோனது.

கையில் வைத்துக்கொண்டது ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் தொகுப்பு. பாஸ்டனில் கப்பல் பாய் தைப்பவரின் மகன், ஹார்வர்டில் பேராசிரியர். 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்தத் தொகுப்பில் 305 பாட்டுகள். கடைசிப் பகுதியைப் பார்க்க அவர் இல்லை, 1896இல் காலமாகிவிட்டார். ஒரே பாட்டுக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதால் அவர் கொடுத்த எண்ணைச் சொல்வதே வசதி. "அடுத்த மாதம் எண்பத்துநாலு" என்று நாம் பேசிக்கொண்டதைக் கேட்டு, புதிதாக வந்த ஒருவர் இங்கே சீட்டு நடக்கிறது என்று நினைத்துவிட்டார்.

எண்பத்துநாலு பார்பரா ஆலன். சாகக் கிடக்கும் இளைஞன் ஆளனுப்புகிறான், அவள் மெல்ல எழுந்து மெல்ல வருகிறாள், பார்த்துவிட்டுப் போகிறாள், சாவு மணி கேட்டதும் மனம் உடைகிறாள். 1666 ஜனவரி 2ஆம் தேதி நடிகை ஒருவர் இதைப் பாடக் கேட்டதாக லண்டன் அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போதே அது ஸ்காட்லாந்துப் பாட்டு என்று பெயர் வாங்கியிருந்தது. கல்லறைகளில் ரோஜாவும் முட்செடியும் முளைத்துப் பின்னிக்கொள்ளும் முடிவு வேறு பாட்டுகளிலும் வருகிறது. பிடித்த முடிவை எடுத்து இன்னொரு பாட்டில் வைத்துக்கொள்வது பாடுகிறவர்களுக்குச் சாதாரணம்.

அதிகம் சண்டை வந்தது 173ஆம் பாட்டுக்கு. மேரி ஹாமில்டன் அரசியின் பணிப்பெண். அரண்மனையில் பிள்ளை பெற்று, அதைக் கொன்று, தூக்குமேடைக்குப் போகிறாள். ஸ்காட்லாந்து அரசி மேரியிடம் நான்கு மேரிகள் இருந்தது உண்மைதான். சீட்டன், பீட்டன், ஃப்ளெமிங், லிவிங்ஸ்டன், ஹாமில்டன் இல்லை. 1563இல் அந்த அரண்மனையின் பிரெஞ்சுப் பணிப்பெண் ஒருத்தியும் அரசிக்கு மருந்து தயாரித்தவரும் சிசுக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் மேரி ஹாமில்டன் என்ற பெயரிலேயே ஒருத்தி, இதே குற்றத்துக்காக, 1719இல் ரஷ்யாவில் மாமன்னர் பீட்டரின் ஆட்சியில் தலை வெட்டப்பட்டாள். சைல்டே முதலில் ரஷ்யா பக்கம் சாய்ந்து, பிறகு மனம் மாறியவர். நம் பொருளாளர் கடைசிவரை ரஷ்யாவை விடவில்லை. சில வடிவங்களில் குழந்தையின் தகப்பன் அரசியின் கணவர் டார்ன்லி என்று வருகிறது. அந்தக் கல்யாணமே 1565இல்தான் என்று ஒரு அக்கா எடுத்துக்காட்டியதும் இரண்டு கட்சியும் தேநீர் குடிக்கப் போய்விட்டது. பழைய கதையும் புதுப் பெயரும் ஒன்றில் ஒன்று ஒட்டிக்கொண்டன என்பது என் கட்சி.

இலையுதிர்காலக் கூட்டங்களில் பாட்டைவிட, அதைச் சேர்த்தவர்கள்தான் பேச்சானார்கள். பாதிரியார் தாமஸ் பெர்சி ஷ்ராப்ஷயரில் நண்பர் வீட்டுக்குப் போனபோது, வேலைக்காரப் பெண்கள் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் தாள்களைக் கிழித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தைக் கேட்டு வாங்கி, அதை வைத்து 1765இல் மூன்று தொகுதி போட்டார். அரைகுறையாக இருந்த பாட்டுகளுக்குத் தானே வரி எழுதி நிரப்பவும் செய்தார். தீயில் போனது அதிகமா, பேனாவில் போனது அதிகமா என்று கேட்டார் ஒருவர்.

எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1802இல் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பாட்டுகளை அச்சிட்டார். அவருக்குப் பாடிக் காட்டிய மார்கரெட் லெய்ட்லா, அவை பாடுவதற்கு உண்டானவை, படிப்பதற்கு அல்ல; அச்சடித்துக் கெடுத்துவிட்டீர்கள், எழுத்தும் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். அவருடைய மகன் ஜேம்ஸ் ஹாக் எழுதிவைத்த செய்தி இது. அபர்டீன் பேராசிரியரின் மகள் ஆனா கார்டன் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் வீட்டுத் தாதியிடமும் கேட்டுக் கற்ற பாட்டுகளைத்தான் சைல்ட் உயர்வாக மதித்தார். நாம் தேடிப்போன பிறந்த இடம் பல பாட்டுகளுக்குச் சமையற்கட்டாகத்தான் இருந்தது. பெண் உறுப்பினர்கள் ஆச்சரியப்படவில்லை.

ஆகஸ்டில், பழைய போர்க்களமான ஆட்டர்பர்ன் போனோம். பேசி வைத்திருந்த வண்டி ஒரு மணி நேரம் தாமதம். முன்பணத்தில் கழிக்கச் சொல்லிக் கேட்டும் பதில் இல்லை. சாலையோரம் மரங்களுக்கு நடுவில் பெர்சி சிலுவை என்ற ஒற்றைக் கல்தூண். தூறலில் குடை பிடித்தபடி, அந்தப் போரைப் பற்றிய இரண்டு பாட்டையும் அங்கேயே வாசித்தோம். 1388இல் இங்கே ஸ்காட்லாந்துப் படை வென்றது. அதன் தலைவர் டக்ளஸ் இறந்தார், ஆங்கிலேயத் தளபதி ஹென்றி பெர்சி பிடிபட்டார். ஸ்காட்லாந்துப் பாட்டில், இறந்தவன் ஒருவன் போரை வெல்வதாகவும் அவன் தானே என்றும் டக்ளஸ் கனாக் காண்கிறார். செவி சேஸ் என்னும் ஆங்கிலப் பாட்டில் பெர்சியும் களத்திலேயே செத்துவிடுகிறார். நிஜத்தில் அவர் செத்தது 1403இல், ஷ்ரூஸ்பரியில், வேறு ஒரு சண்டையில். தோற்றவர்கள் பாடும்போது சாவையாவது சமமாக்கிக்கொண்டார்கள் போல. எட்டு வயதுப் பையன் ஒருவன், "அப்ப யார்தான் ஜெயிச்சது?" என்று வண்டி ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நவம்பரிலிருந்து கூடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மூன்று முறை சொல்லியாயிற்று. சரியாகும்வரை சால்வையோடு வரவும். சிற்றுண்டிப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி. ஏப்ரல் கூட்டத்துக்கு 39ஆம் எண், டாம் லின். ஸ்காட்லாந்தில் செல்கர்க் பக்கத்தில் அந்தப் பாட்டில் வரும் கார்ட்டர்ஹா காடு இன்றும் இருப்பதால் கோடையில் போகலாமா என்று செயற்குழு யோசிக்கிறது, வண்டி மட்டும் வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், சைல்டின் மூன்றாம் தொகுதி இன்னும் அலமாரிக்குத் திரும்பவில்லை. மேரி ஹாமில்டனும் ஆட்டர்பர்னும் அதில்தான் இருக்கின்றன. எடுத்துப்போனவர் கேள்வி இல்லாமல் மேசையில் வைத்துவிடலாம்.

செயலாளர்