புலிக்கொடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

மாற்று வரலாற்றுக் கதை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். வரலாறு வேறு மாதிரி போயிருந்தால் என்று கேட்கும் இந்த வகைக் கதைகளை விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அமெரிக்கக் கண்டம் என்று வந்துவிட்டால் நம் ஆட்களின் கை தானாகவே சோழர் கப்பலுக்குத்தான் போகிறது. ராஜேந்திரனின் படை 1025இல் கடாரம் வரை போனதே, இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளினால் மெக்சிகோ வந்துவிடாதா? ஆசை புரிகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நார்ஸ் (வைக்கிங்) மாலுமிகள் 1021இல் மரம் வெட்டியதற்குத் தடயமே கிடைத்திருக்கிறது. அவர்கள் போனார்கள், நம்மால் முடியாதா என்று தோன்றத்தான் செய்யும்.

சரி, போகட்டும். ஆனால் அந்தக் கப்பலில் பெரியம்மை ஏறாதா? பசிபிக் அத்தனை நீளம், நோய் கண்டவர்கள் வழியிலேயே செத்தோ பிழைத்தோ இருப்பார்கள் என்று நீங்கள் வாதாடலாம். முதல் கப்பலுக்குச் சரி. பத்தாவது கப்பலுக்கு? பெரியம்மையைக் கண்டே இராத ஊரில் அது இறங்கினால், கொடியில் புலி இருந்தாலென்ன, சிலுவை இருந்தாலென்ன?

என் மனத்தாங்கல் அதுகூட இல்லை. இந்தக் கதைகளில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே வேலைதான்: கரையில் நின்று கப்பலை வேடிக்கை பார்ப்பது.

நடந்தது என்ன? 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்தேஸ் மெக்சிகோவில் கரையிறங்கியபோது அவரிடம் இருந்தது சுமார் 500 சிப்பாய்கள். ஏரிக்கு நடுவே இருந்த அஸ்தெக் தலைநகர் டெனோச்டிட்லான் மாதிரி ஒரு பெருநகரை அதை வைத்துப் பிடிக்க முடியாது. முடியவும் இல்லை. 1520 ஜூன் 30 இரவு அஸ்தெக்குகள் அடித்து விரட்டினார்கள். தப்பியவர்கள் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்த இடம் த்லாஷ்கலா.

அஸ்தெக்குகளுக்குப் பரம எதிரியான ஊர் அது. சுற்றிவளைத்து வியாபாரத்தை அடைத்துவிட்டதால் வருடக்கணக்கில் உப்புக்குத் தவித்த ஊர். மக்காச்சோள ரொட்டி உண்டு, பீன்ஸ் உண்டு, மிளகாய்கூட உண்டு, உப்புதான் இல்லை. ஒரு வாரம் அப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் ஏன் அந்நியனோடு சேர்ந்தார்கள் என்று நாக்கே சொல்லிவிடும்.

அடுத்த சில வாரங்களில் அங்கே சபை கூடியது. புதிய அஸ்தெக் அரசர் குயித்லாவாக் தூது அனுப்பியிருந்தார்: பழசை மறப்போம், வந்தவர்களைச் சேர்ந்தே முடிப்போம். இளம் தளபதி ஷிகோதென்காத்லுக்குச் சம்மதம். முந்தைய வருடம் கோர்தேஸோடு மோதிப் பார்த்தவர் அவர். மூத்த தலைவர் மஷிஷ்காத்சின் கூடவே கூடாது என்றார். மூத்தவர் பேச்சுதான் எடுபட்டது. அந்த வருடம் முடிவதற்குள் குயித்லாவாக், மஷிஷ்காத்சின் இருவரையும் பெரியம்மை கொண்டுபோனது. 1521இல் ஷிகோதென்காத்லை கோர்தேஸ் தூக்கிலிட்டார். ஆகஸ்ட் 13 அன்று நகரம் விழுந்தபோது அதை முற்றுகையிட்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த மண்ணின் மக்களே.

அன்றைய சபையில் பேச்சு மாறியிருந்தால்? அஸ்தெக்குகளை நல்லவர்களாக்கத் தேவையில்லை. கப்பமும் நரபலியும் அப்படியே இருக்கட்டும். பெரியம்மையும் வரட்டும். ஸ்பானியர் வசமிருந்த கியூபாவிலிருந்து அடுத்த கப்பலும் வரத்தான் செய்யும். அதற்குள் செத்தவர்களைப் புதைத்துவிட்டு மீந்தவர்கள் எழுந்து உட்கார அவகாசம் கிடைத்திருக்கும். குதிரையும் பீரங்கியும் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

நம்பும்படி இல்லை என்பீர்களோ? இன்றைய நியூ மெக்சிகோவில் ஸ்பானியர் ஆட்சியில் இருந்த புவெப்லோ என்ற பூர்வகுடி மக்கள் 1680இல் செய்ததைப் பாருங்கள். போப்பே என்பவர் தலைமையில் திட்டம் போட்டு, முடிச்சுப் போட்ட கயிறுகளோடு ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். தினம் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். முடிச்சு தீர்கிற நாளில் எழுச்சி. கயிறு கொண்டு ஓடியவர்களில் இரண்டு பேர் ஸ்பானியர்களிடம் மாட்டிக்கொள்ள, நாளை முன்னால் இழுத்து ஆகஸ்ட் 10 அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பானியர்கள் தெற்கே எல் பாஸோவுக்குப் பின்வாங்கினார்கள். திரும்பி வர 12 வருடம் ஆனது. இதை யாராவது கதையாக எழுதியிருந்தால், கயிறு கொஞ்சம் அதிகம் என்று நீங்களே வெட்டியிருப்பீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த த்லாஷ்கலா சபையை எழுதுங்கள். தலையில் அடிபட்ட கோர்தேஸ் எங்கேயோ உள்ளறையில் படுத்திருக்கட்டும். அவருக்கு வசனம் வேண்டாம். தூதர்கள் வருகிறார்கள், மூட்டையைப் பிரிக்கிறார்கள், உள்ளே உப்பு. அப்புறம் உங்கள் பாடு.

அன்புடன்,
உங்கள் வாசகன்