சக்கரத்தைக் கழற்றாமலே "பிரேக் நன்று" என்று அறிக்கை கொடுத்தது பற்றிப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பழைய கார் விற்பனை நிறுவனம், சேலம் கிளை.

பொருள்: 08.03.2025 அன்று வாங்கிய காரின் முன் பிரேக் டிஸ்க், பேட் மாற்றிய செலவைத் திரும்பத் தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

மார்ச் 8-ஆம் தேதி உங்கள் கிளையில் 2016 மாடல் டீசல் கார் ஒன்றை 4,65,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். டெலிவரி எடுத்தபோது மீட்டரில் 71,240 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வண்டியோடு உங்கள் பரிசோதனை அறிக்கையையும் கையில் கொடுத்தீர்கள். "முன் பிரேக் பேட் 60 சதவீதம், டிஸ்க் நன்று" என்று அதில் இருக்கிறது. அதாவது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டு நன்றாக இருக்கிறது, அதை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் பேடில் 60 சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இதே மாதிரி வண்டி தெரிந்தவர் ஒருவரிடம் முப்பதாயிரம் குறைவாகக் கிடைத்தது. அந்த அறிக்கையை நம்பித்தான் உங்களிடம் வந்தேன்.

மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு ஏற்காடு போனோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்துதான் தாண்டியிருப்போம், பிரேக்கை மிதிக்கும் போதெல்லாம் இடது முன்பக்கத்திலிருந்து இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கரகரவென்று வந்தது. பெடல் காலுக்கடியில் அதிர்ந்தது. பின் சீட்டில் அம்மா, மனைவி, நாலு வயது மகள். இடம் பார்த்து ஓரங்கட்டினேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாலே அனல் அடித்தது, கருகிய வாடை வேறு. அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம். கீழே வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கைப்பிடியை விடவும் இல்லை.

மறுநாள் எங்கள் பகுதி மெக்கானிக் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். புது பேடில் உரசும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். எங்கள் வண்டியில் வெளிப்பக்க பேடில் இன்னும் 6 மில்லிமீட்டர் இருந்தது. உள்பக்க பேடில் ஒன்றுமே இல்லை, வெறும் பின்தகடுதான் மிச்சம். பேடுகளைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கைடு பின் துருப்பிடித்து இறுகிப் போய், காலிப்பர் நகர முடியாமல், தேய்மானம் முழுவதும் உள் பேடின் மேல் விழுந்திருக்கிறது. அலாய் வீலின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது வெளி பேட் மட்டும்தான். உங்கள் 60 சதவீதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. உங்கள் ஆள் சக்கரத்தைக் கழற்றவே இல்லை.

டிஸ்கின் உள்முகம் வரிவரியாகக் கீறிக் கிடந்தது. நகத்தை வைத்தால் மாட்டியது. விளிம்பில் பேட் படாத இடம் வரப்பு மாதிரி உயர்ந்து நின்றது. மெக்கானிக் முதலில் அந்த வரப்பின் மேல் வெர்னியர் அளவுகோலை வைத்துக் காட்டினார், 21.7 மில்லிமீட்டர். பிறகு பேட் உரசும் இடத்தை மைக்ரோமீட்டரால் அளந்தார், 18.9. குறைந்தபட்சத் தடிமன் 20 என்று அந்த டிஸ்கிலேயே பொறித்திருக்கிறது.

இடது டிஸ்க் மலையில் இறங்கும்போதுதான் கெட்டது என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கீறல்களில் ஒரு பகுதி அன்று விழுந்ததாகவே இருக்கட்டும். வலது பக்கத்தில் இரண்டு பேடிலும் உரசும் பகுதி மிச்சம் இருந்தது, இரும்பு எதுவும் உரசவில்லை. அந்த டிஸ்கும் 19.4-தான். நான் ஓட்டியது 22 நாளில் 625 கிலோமீட்டர். புதிதாக 22 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டிய டிஸ்க் அந்த ஓட்டத்தில் இவ்வளவு தேயாது. என்னிடம் சாவி கொடுக்கும்போதே அது தேய்ந்துதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், டேங்கில் பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். புது பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் எங்கள் வண்டியில் ஆயில் டேங்க் நிரம்பி வழிந்தது. பேட் தேய்ந்திருந்த நிலையிலேயே யாரோ மேக்ஸ் கோடு வரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். நான் மூடியைத் திறந்ததே இல்லை. மட்டம் ஏன் இறங்கியது என்று ஊற்றியவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அன்றே பேடைப் பார்த்திருப்பார்.

உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தபோது, "பேட், டிஸ்க் எல்லாம் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்றார்கள். பேட் தேயும் என்பது எனக்கும் தெரியும். தேய்ந்ததைத் தேயவில்லை என்று எழுதிக் கொடுத்ததைத்தான் நான் கேட்கிறேன். பிறகு உங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பேசியவர், டிஸ்கை லேத்தில் கடைந்து பேட் மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னார். ஏற்கெனவே அளவுக்குக் கீழே போன டிஸ்கை இன்னும் கடைந்தால் அது மேலும் மெலியும், சூடு தாங்காது. இதை மறுத்துவிட்டு நானே மாற்றிக்கொண்டேன். டிஸ்க் ஜோடி 4,600, பேட் செட் 1,750, கைடு பின் கிட்டும் பிரேக் ஆயிலும் 650, கூலி 1,200, ஆக மொத்தம் 8,200 ரூபாய். பில் என்னிடம் இருக்கிறது.

இந்த 8,200 ரூபாயை நீங்கள் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, உங்கள் யார்டில் இதே முறையில் "நன்று" வாங்கி நிற்கும் மற்ற வண்டிகளின் சக்கரங்களைக் கழற்றி, உள் பேடையும் டிஸ்க் தடிமனையும் அளந்து, அந்த எண்ணை அறிக்கையில் எழுதுங்கள். அடுத்து வாங்குகிறவர் முதல் வாரமே குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்பலாம். அங்கே எழுபது வளைவுகள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வண்டிக்கு நான் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் அதற்குக் கட்டணமும் கிடையாது. கழற்றிய டிஸ்குகளையும் பேடுகளையும் சாக்கில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். மைக்ரோமீட்டரோடு உங்கள் ஆளை அனுப்புங்கள், என் முன்னாலேயே அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சேலம், 09.04.2025