நன்கொடை வேண்டாம், ஆர்டர் கொடுங்கள்: டர்பன் தமிழ் வணிகர்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெரியோர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் ஒரு சின்னத் தையல் கூடம் நடத்துகிறேன். துணிப்பை, பள்ளிச் சீருடை, கடை ஊழியர்களுக்கான ஏப்ரன் எல்லாம் தைக்கிறோம். தைப்பவர்களில் பெரும்பாலோர் முன்பு டர்பன் கார்மென்ட் ஃபேக்டரிகளில் வேலை பார்த்த பெண்கள். 1990-களின் நடுவிலிருந்து இறக்குமதி வரி குறைந்து, சீனத்துத் துணி மலிவாக வந்து இறங்கியபோது அந்த ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. அம்மாவோ சித்தியோ பெரியம்மாவோ அப்படி வேலை இழந்த கதை சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. வேலை போனாலும் கைத்தொழில் போகவில்லை. ஓவர்லாக் மெஷினில் நான்கு நூலையும் பேசிக்கொண்டே கோத்துவிடுகிறார்கள். காலர் முனையைத் திருப்பிக் குத்தி நிமிர்த்துவதைப் பார்த்தால் நேற்றுதான் ஃபேக்டரியிலிருந்து வந்தவர்கள் என்று தோன்றும்.

எங்களுடையது லாபம் பார்க்கும் கம்பெனி. இதைச் சொன்னதும் உங்களில் பலருக்கு முகம் மாறுகிறது. "நல்ல காரியம் என்கிறீர்கள், அப்புறம் லாபம் எதற்கு? 18ஏ ரசீது உண்டா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. அது பதிவு பெற்ற பொதுநல அமைப்புகள் கொடுக்கும் ரசீது. அதைக் காட்டி, வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். எங்களைப் போல லாபத்தையும் ஊர் நன்மையையும் சேர்த்துப் பார்க்கும் தொழிலுக்கென்று 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் தனி வகை கிடையாது. லாப நோக்கற்ற கம்பெனியாகப் பதியலாம், சாதாரண பிரைவேட் கம்பெனியாகப் பதியலாம், இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் போகலாம். நாங்கள் பிரைவேட் கம்பெனியாகப் பதிந்தோம். ஏன் என்றால், வருஷா வருஷம் யாராவது மனமிரங்கினால்தான் கூலி கொடுக்க முடியும் என்ற நிலையில் இந்தப் பெண்களை மறுபடியும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2019-ல் மணிக்கு 20 ராண்டாகத் தொடங்கியது. 2025 மார்ச்சில் 28.79 ராண்ட் ஆனது. நாங்கள் அதற்கு மேலேதான் கொடுக்கிறோம். வெட்டு மேசையில் மிஞ்சும் துண்டுகளைக் குப்பைக்கு அனுப்பாமல் பைகளுக்கு உள்பாக்கெட்டும் கைப்பிடியும் ஆக்குகிறோம். இதற்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணம் லாபத்திலிருந்துதான் வருகிறது.

கொடுக்கும் குணத்தில் நம் சமூகம் குறைந்ததே இல்லை. ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் வந்தவர்களின் பிள்ளைகள் தாங்களே காசு சேர்த்துக் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் எழுந்த டெக்னிக்கல் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் யார்? நான் கேட்பது வேறு. நீங்கள் சம்பாதிக்கும் இடத்திலேயே, அதாவது யாரிடம் சரக்கு வாங்குகிறீர்கள், எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள் என்பதிலேயே, அந்த அறம் இருக்கட்டும் என்கிறேன்.

பெரிய கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். நிறவெறி ஆட்சியில் ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தொழிலில் இடம் கொடுப்பதை வைத்துக் கம்பெனிகளுக்குப் புள்ளி போடும் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்பு விதிகளில், நிகர லாபத்தில் ஒரு சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கொடுத்தால் 5 புள்ளி. தகுதியுள்ள நிறுவனங்களிடம் கொள்முதல் செய்வதற்கு அதைப்போலப் பல மடங்கு. அந்தச் சட்டம் 'கறுப்பினத்தவர்' என்று சொல்வதில் இந்திய வம்சாவளியினரும் அடக்கம். அப்படியிருந்தும் மாலை போட்டு, ஃபோட்டோ எடுத்து, பெரிய அட்டைக் காசோலை கொடுக்கிற நிகழ்ச்சிக்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறீர்கள். கொள்முதல் மேனேஜரைப் பார்க்க நேரம் கேட்டால் கிடைப்பதில்லை.

பணம் தாமதமாவதுதான் எங்களைக் கொல்கிறது. ஒரு கடை தீபாவளிக்கு எங்களிடம் பை வாங்கியது. பைகள் தீபாவளிக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. எங்களுக்குப் பணம் வந்தது பள்ளிகள் திறந்த பிறகு. கேட்கும்போதெல்லாம் "அக்கவுன்ட்ஸில் இருக்கிறது" என்றார்கள். இடையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூலிக் கவர் போட்டாக வேண்டுமே. என் கொழுந்தனாரிடம் கடன் வாங்கிப் போட்டேன். அதே கடை அந்த மாதம் ஒரு முதியோர் இல்லத்துக்கு நன்கொடை கொடுத்தது. அது நல்ல காரியம்தான், ஆனால் அந்தப் பணத்தில் கொஞ்சம் எங்களுக்குச் சேர வேண்டியது. அரசுத் துறைகள் பில் வந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று விதியாவது இருக்கிறது. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது உங்கள் நாணயம் மட்டும்தான்.

கோயில் நிர்வாகங்களுக்குத் தனியாக ஒன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் கரையே தெரியாமல் பிளாஸ்டிக் குவிந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அதில் நம் திருவிழாக்களின் பங்கும் இருக்கத்தான் செய்யும். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் சமயத்தில் கூடும் கூட்டத்தையோ தைப்பூசக் காவடிக் கூட்டத்தையோ நினைத்துப் பாருங்கள். வாழையிலைச் சாப்பாடு இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது, ரொம்ப சந்தோஷம். பிரசாதத்துக்கும் அர்ச்சனைப் பொருளுக்கும் மட்டும் ஏன் பாலிதீன் பை, ஃபோம் டப்பா?

துணிப்பை விலை கூடுதல், மறுக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் மாற்றச் சொல்லவில்லை. அர்ச்சனைத் தட்டோடு கொடுக்கும் பையை மட்டும் முதலில் மாற்றுங்கள். மறு வருஷம் அதையே கொண்டுவரச் சொல்லுங்கள். தையல் பிரிந்தால் திருப்பி அனுப்புங்கள், வேறு தைத்துத் தருகிறோம். ஏழைப் பெண்கள் தைத்தது என்பதற்காக மோசமான சரக்கை யாரும் வாங்க வேண்டாம்.

எங்கள் கூடம் மட்டுமல்ல, காய்கறிக் கழிவை உரமாக்குபவர்களும் பழைய மரத்தில் மேசை நாற்காலி செய்பவர்களும் இதே கஷ்டத்தில்தான் இருக்கிறார்கள். எல்லோருக்காகவும் நான் கேட்பது ஒன்றுதான்: ஆர்டரோடு பாதிப் பணம் முன்பணமாக, மீதி சரக்கு இறங்கிய 15 நாளில். இதை உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். தைப்பூசத்துக்குப் பை வேண்டுமென்றால் அக்டோபருக்குள் சொல்லிவிடுங்கள். டிசம்பர் நடுவில் மில்லெல்லாம் லீவு விட்டுவிடுவார்கள், துணி கிடைக்காது.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் தையல் கூடத்திலிருந்து உங்கள் சகோதரி